குப்பை என்று ஒரு பொருள் இல்லை!



ஒரு சிறு சோதனையுடன் தொடங்குவோம். ஒரு கிண்ணத்தில் ஒரு கரண்டி உப்பை எடுத்துக் கொள்ளுங்கள். இன்னொரு கிண்ணத்தில் ஒரு கரண்டி மணல். இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்குங்கள். எவ்வளவு நேரம் ஆயிற்று? ஐந்து விநாடிதான். இப்போது அவற்றைப் பழையபடி பிரியுங்கள் பார்ப்போம்!

பிரிக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. முதலில் தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைக்க வேண்டும். பிறகு வடிகட்ட வேண்டும். வடிந்த நீரை அடுப்பில் வைத்து ஆவியாக்க வேண்டும். அரை மணி நேரமும், கொஞ்சம் விறகும், நிறையப் பொறுமையும் செலவான பிறகு உப்பு ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம் என்று வந்து சேரும்.

கலப்பது எளிது, பிரிப்பது கடினம். இது இயற்கையின் விதி. உங்கள் வீட்டுச் சமையலறை மூலையில் இருக்கும் குப்பைக்கூடையும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதுதான். அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

கூடைக்குள் என்ன இருக்கிறது?

நாளைக் காலையில் அந்தக் கூடையை ஒரு முறை எட்டிப் பாருங்கள். வெங்காயத் தோல், தேங்காய் நார், தேயிலைச் சக்கை, இரண்டு முட்டை ஓடு, நேற்றைய குழம்பு கொஞ்சம். இவற்றுடன் பால் உறை, பிஸ்கட் உறை, எழுதித் தீர்ந்த பேனா, பழைய நோட்டுத் தாள், தேய்ந்துபோன டார்ச் பேட்டரி.

இவற்றில் எதைக் குப்பை என்பீர்கள்? வெங்காயத் தோல் மண்ணுக்கு உணவு. கழுவிய பால் உறையையும் நோட்டுத் தாளையும் பழைய பேப்பர் கடைக்காரர் எடை போட்டு வாங்குவார். தேங்காய் நார் பாத்திரம் துலக்க உதவும். தனித்தனியாக இருக்கும்வரை ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரு பயனோ ஒரு விலையோ உண்டு. அவற்றின் மீது அந்தக் குழம்பை ஊற்றிவிடுங்கள். தாள் நனைந்தது, உறை நாறியது, தோலில் பேட்டரியின் உலோகம் கலந்தது. இப்போது எதற்கும் விலை இல்லை.

ஆகவே, குப்பை என்பது ஒரு பொருள் அல்ல. அது ஒரு கலவை. கடை அதை நமக்கு விற்கவில்லை. நம் வீட்டில் நாமே தயாரிக்கிறோம். நான் வாதாட வந்தது இதற்காகத்தான். குப்பையைக் குறைக்கப் பத்துப் பழக்கங்களை எவரும் எழுதித் தரலாம். ஆனால் முதற்பழக்கம் ஒன்றே ஒன்று: கலக்காமல் இருப்பது. அது இல்லாவிட்டால் மற்ற ஒன்பதும் பாதிப் பயனே தரும்.

ஒரு சொல் மாறிய கதை

சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் வயதான உழவர்களிடம் பேசிப் பாருங்கள். "அந்தக் காட்டுக்கு இந்த வருசம் பத்து வண்டி குப்பை அடிச்சோம்" என்பார்கள். அவர்கள் வாயில் குப்பை என்றால் எரு. சாணமும் தழையும் சாம்பலும் சேர்ந்து குழியில் மக்கிய உரம். அதைப் பணம் கொடுத்தும் வாங்குவார்கள். சோறு வடித்த நீரும் அரிசி கழுவிய நீரும் மாட்டுத் தொட்டிக்குப் போயின. அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கியது. சந்தைக்குப் போனவர் துணிப்பையோ ஒயர் கூடையோ கொண்டு போனார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. அப்போது வறுமையும் இருந்தது, நோயும் இருந்தது. நான் சொல்ல வருவது வேறு. எறிய வேண்டிய பொருளே அந்த வீடுகளில் குறைவு. எறிந்ததும் மக்கும் இனம். அதனால் எல்லாவற்றையும் ஒரே குழியில் போட்டாலும் கெடுதல் வரவில்லை. இன்று நம் வீட்டுக்குள் வரும் பொருள்களில் பாதி மக்காத இனம். பொருள் மாறிவிட்டது; ஒரே குழியில் போடும் பழக்கம் மாறவில்லை. தொல்லையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

நம் ஊர்த் தொழில்கள் கற்றுத் தரும் பாடம்

இந்தச் சமவெளியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. சேலம் மாவட்டத்துச் சவ்வரிசி ஆலைகளைப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவுப்பாலைப் பிரித்த பின் எஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர். அதை எவரும் எறிவதில்லை. காய வைத்துத் தீவனத்துக்கு விற்கிறார்கள். அது தனியாகக் கிடைப்பதால் அதற்கு வாங்க ஆள் இருக்கிறது. அதே ஆலைகளின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் ஓடிய இடங்களில் மண்ணும் கிணறும் கெட்டன என்பதையும் மறக்கக் கூடாது. ஒரே தொழில், பிரித்து வைத்தது செல்வமாயிற்று, கலக்க விட்டது தொல்லையாயிற்று.

நாமக்கல்லுக்கு வாருங்கள். நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகளை அனுப்பும் ஊர் அது. உங்கள் பள்ளிச் சத்துணவில் வரும் முட்டைகூட அங்கிருந்து வந்ததாக இருக்கலாம். அங்கே கோழி எருவும் ஒரு விற்பனைப் பொருள். வயல்களுக்கு லாரியில் போகிறது. அந்த லாரியின் டயர் தேய்ந்தால் உடனே தூக்கி எறிவதில்லை. மேல்பட்டையை மட்டும் புதிதாக ஒட்டி மறுபடியும் ஓட்டுகிறார்கள். தொழில் நடத்துகிறவர்கள் கணக்குப் பார்ப்பார்கள். வீடு நடத்தும் நாம்தான் பார்ப்பதில்லை.

முத்தாற்றின் வழக்கு

சேலத்தில் ஓர் ஆறு ஓடுகிறது. திருமணிமுத்தாறு என்று பெயர். பெயரிலேயே மணியும் முத்தும் இருக்கின்றன. சேர்வராயன் மலைப் பக்கத்தில் தோன்றி, சேலம் நகரின் நடுவே சுகவனேசுவரர் கோயில் அருகாகச் சென்று, நாமக்கல் மாவட்டத்தில் புகுந்து, நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. நகருக்குள் நீங்கள் அதன் பாலத்தில் நின்றிருப்பீர்கள். ஆறு என்று யாரேனும் சொன்னால்தான் தெரியும். இல்லையென்றால் சாக்கடை என்றே நினைப்பீர்கள்.

ஆலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் அதில் சேர்ந்தது பெரிய காரணம். அதை நம் வீட்டுப் பழக்கம் ஒன்றே சரிசெய்துவிடும் என்று சொன்னால் அது பொய். ஆனால் தெருவோரக் கால்வாயில் வீசப்படும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பையும் மழை நாளில் அந்த ஆற்றுக்குத்தான் போகிறது. சேலத்தில் எறிந்ததை நாமக்கல் மாவட்டத்து வயல் பெற்றுக் கொள்கிறது. அங்கிருந்து காவிரி பெற்றுக் கொள்கிறது. "எறிந்துவிட்டேன்" என்று சொல்கிறோம். எங்கே எறிந்தோம்? இன்னொருவர் வாசலில்!

குவியலுக்குள் நடப்பது

ஆற்றுக்குப் போகாதது குப்பைமேட்டுக்குப் போகிறது. எருமாபாளையம், செட்டிச்சாவடி என்று சொன்னாலே சேலத்துக்காரர்களுக்கு அந்தக் காட்சி கண்ணில் வரும். அந்த மேட்டுக்குள் என்ன நடக்கிறது?

நம் நாட்டு நகரங்களின் குப்பையில் எடைக் கணக்கில் ஏறத்தாழப் பாதி மக்கக் கூடியது. காற்றுப்படும்படி பரப்பி வைத்தால், பிராணவாயுவைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று எருவாக்கும். நாற்றம் இராது. ஆனால் பிளாஸ்டிக் பைக்குள் முடிச்சுப் போட்டு, அதன்மேல் இன்னும் பல அடி உயரத்துக்குக் கொட்டினால் உள்ளே காற்று ஏது? அங்கே பிராணவாயு இல்லாமலே வாழும் வேறு நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை வெளிவிடுவது மீத்தேன். எரியும் வாயு. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கக் கூடியது. குப்பைமேடுகளில் தீப்பிடித்தால் எளிதில் அணையாததற்கு அதுவும் ஒரு காரணம். மழை பெய்தால் அந்தக் கலவையின் ஊடே இறங்கும் நீர் அமிலத்தையும் உலோகத்தையும் கரைத்துக் கொண்டு நிலத்தடி நீரில் சேர்கிறது.

இன்னொன்றும் உண்டு. நாம் ஐந்து விநாடியில் கலந்ததை ஒருவர் பிரிக்க வேண்டியிருக்கிறது. அவர் ஒரு தூய்மைப் பணியாளர். உடைந்த கண்ணாடியும் பழைய பிளேடும் கெட்டுப்போன சோறும் சேர்ந்த கூடைக்குள் அவர் கை போகிறது. நம் சோம்பலுக்கு அவர் கை காயப்பட வேண்டுமா? அறிவியலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லுங்கள்.

ஒரு சிறு கணக்கு

"என் வீட்டுக் கால் கிலோ தோலால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி சேலம் மாநகராட்சியில் சுமார் 8 லட்சத்து 29 ஆயிரம் பேர் இருந்தனர். வீட்டுக்கு நான்கு பேர் என்று வைத்துக் கொண்டால் சுமார் 2 லட்சத்து 7 ஆயிரம் வீடுகள். ஒவ்வொரு வீடும் நாளொன்றுக்குக் கால் கிலோ மக்கும் கழிவைத் தன் வீட்டிலேயே எருவாக்கிவிட்டால், நாள்தோறும் குப்பைமேட்டுக்குப் போகாமல் நிற்பது ஏறத்தாழ 52 டன். ஒரு லாரியில் 5 டன் ஏற்றினால் பத்து லாரிச் சுமை! ஒரு நாளைக்குப் பத்து; ஆண்டுக்கு 3,650 லாரி. லாரிக்குப் பெயர்போன நம் பகுதியில் இந்தக் கணக்கு எல்லோருக்கும் புரியும்.

இது கற்பனை என்று தள்ள வேண்டாம். இன்று மாநகராட்சியாக உயர்ந்துள்ள நாமக்கல், நகராட்சியாக இருந்தபோதே வீடுவீடாகச் சென்று குப்பையைப் பிரித்து வாங்கி, மக்கும் கழிவை உரமாக்கி, 'குப்பையில்லா நகரம்' என்று பிற ஊர்களும் பேசும்படி செய்தது. சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 14001 சான்றையும் அந்நகராட்சி பெற்றது. ஆகவே, "நம் ஊரில் இதெல்லாம் நடக்காது" என்று யாரும் சொல்வதற்கில்லை. நடந்திருக்கிறது. ஆனால் ஒரு முறை பெற்ற பெயர் தானாக நிலைக்காது. ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு நாளும் அதைச் சம்பாதிக்க வேண்டும்.

இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு: "நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்?" பல ஊர்களில் இது உண்மை. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டு அபாயக் கழிவு என்று வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்றன. பிரித்ததைப் பிரித்தபடியே எடுத்துச் செல்வது உள்ளாட்சியின் கடமை. அதைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு, கேட்கவும் வேண்டும். ஆனால் இதைக் கவனியுங்கள். மக்கும் கழிவு உங்கள் வீட்டிலேயே எருவாகிவிட்டால் வண்டிக்கு என்ன போகும்? உலர்ந்த தாளும் உறையும்தான். அவற்றையும் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டால் வண்டியில் கலப்பதற்கு அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. மற்றவர் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வழி இது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: "ஆலைகள் டன் டன்னாகப் பிளாஸ்டிக் உறை செய்து தள்ளும்போது எங்களைத் திருத்துவானேன்?" நியாயமான கேள்வி. ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்தது இதை உணர்ந்துதான். உற்பத்தியாளர் தம் உறைகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. வீட்டுப் பழக்கம் சட்டத்துக்கு மாற்று அல்ல. ஆனால் பழக்கம் மாறாத ஊரில் சட்டம் ஏட்டோடு நிற்கும். கடைக்காரர் தடை செய்த பையை எடுத்து நீட்டும்போது "வேண்டாம்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டுமே! 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியதும் இதற்காகத்தான்.

செய்யக் கூடியவை

அடியில் துளையிட்ட ஒரு பழைய பானையோ வாளியோ போதும். கீழே காய்ந்த இலை ஒரு படுகை. மேலே காய்கறித் தோல். மறுபடி காய்ந்த இலை. இலையின் அளவு தோலைப்போல் இரு மடங்கு இருக்கட்டும். தோலில் நைட்ரஜன் மிகுதி, காய்ந்த இலையில் கரிமம் மிகுதி. நுண்ணுயிர்களுக்கு இரண்டும் தேவை. வாரத்துக்கு ஒரு முறை கிளறிக் காற்றுப்படச் செய்யுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால், பிழிந்த துணிபோல் ஈரம் இருக்க வேண்டும். நீர் சொட்டக் கூடாது. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் பானை காய்ந்துவிடும். கொஞ்சம் நீர் தெளியுங்கள். நாற்றம் வந்தால் காற்றுப் போதவில்லை என்று பொருள். இலையைச் சேர்த்துக் கிளறுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசனையோடு கருப்பு எரு கிடைக்கும். தோட்டம் இல்லாத வீட்டுக்கும் மாடியில் ஒரு தொட்டிச் செடி உண்டல்லவா? முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள். அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துக் கரியமில வாயு வருவதைக் கண்ணாலேயே காணலாம்.

பால் உறையின் முனையை முழுதும் வெட்டி எடுக்காதீர்கள். அந்தச் சிறு முக்கோணத் துண்டைப் பொறுக்குவார் இல்லை. அது மண்ணிலும் கால்வாயிலும் போய்ச் சேரும். முனை உறையோடு ஒட்டியிருக்கும்படி கீறி ஊற்றி, கழுவிக் காய வைத்துச் சேர்த்து வையுங்கள்.

ஓட்டலில் குருமா வாங்கத் தூக்குப்போசி கொண்டு போங்கள். அலுமினியத் தாளில் கட்டித் தருவதைப் பற்றி நம் பகுதிக்குத் தனிக் கதை உண்டு. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டிலிருந்துதான் மேட்டூர் ஆலை 2008 வரை அலுமினியம் எடுத்தது. ஒரு கிலோ அலுமினியத்துக்குச் சுமார் 4 கிலோ பாக்சைட்டும் 15 யூனிட் மின்சாரமும் வேண்டும். பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி செய்தாலோ அந்த ஆற்றலில் ஏறத்தாழ 5 சதவீதம் போதும். மலையை வெட்டி எடுத்த உலோகத்தைப் பத்து நிமிடம் பரோட்டா சுற்றி எறியலாமா? தட்டுவடை செட் சாப்பிடும்போதும் கடையில் எவர்சில்வர் தட்டோ மந்தாரை இலையோ கேளுங்கள்.

மஞ்சள் பையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பருத்தி விளைய நீர் வேண்டும். நூற்கவும் நெய்யவும் ஆற்றல் வேண்டும். ஒரு முறை பயன்படுத்தி மூலையில் போட்டால் அதுவும் நஷ்டமே. ஒரே பை பல நூறு முறை சந்தைக்குப் போய் வரும்போதுதான் அது லாபம்.

தட்டில் சோற்றை மிச்சம் வைக்காதீர்கள். ஒரு கிலோ அரிசி விளைய இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாகிறது. மிஞ்சியதில் நீர் ஊற்றினால் காலையில் பழைய சோறு ஆயிற்று.

பேட்டரி, பல்பு, காலாவதியான மாத்திரை ஆகியவற்றைத் தனி டப்பாவில் வையுங்கள். பிளேடையும் கண்ணாடித் துண்டையும் நாப்கினையும் காகிதத்தில் பொதிந்து கொடுங்கள். பிளாஸ்டிக்கை மட்டும் ஒருபோதும் எரிக்காதீர்கள். அதன் புகையில் இருக்கும் நச்சு உங்கள் நுரையீரலுக்குத்தான் முதலில் வரும்.

ஏழு நாள் சோதனை

படித்ததை நம்ப வேண்டாம்; அளந்து பாருங்கள். அதுதான் அறிவியல். மூன்று டப்பாக்கள் வையுங்கள்: மக்குவது, விலைபோவது, இரண்டுமில்லாதது. ஏழு நாள் இரவிலும் ஒவ்வொன்றையும் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். சிறு தராசு இல்லாவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் உதவுவார். எட்டாம் நாள் கூட்டிப் பாருங்கள். உண்மையிலேயே எறிய வேண்டியது எத்தனை கிராம் என்று அப்போது தெரியும். வகுப்பில் நாற்பது பேரும் செய்தால் உங்கள் தெருக்களின் குப்பையைப் பற்றி உங்களுக்கு நிகராகப் பேச ஊரில் ஆள் இருக்காது. அந்தக் கணக்கோடு உங்கள் வார்டு உறுப்பினரிடம் போனால் அவர் கேட்டே ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்த மூன்று டப்பாக்களும் அம்மாவுக்கு இன்னொரு வேலையாக ஆகிவிடக் கூடாது. சமையலும் துலக்கலும் ஏற்கெனவே அவர் தலையில் இருக்கின்றன. பிரிப்பதும், கழுவிக் காய வைப்பதும், பானையைக் கிளறுவதும் உங்கள் பங்கு. அண்ணன் தம்பிகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

உப்பையும் மணலையும் பிரிக்க அரை மணி நேரம் ஆயிற்று. கலக்காமல் இருக்க எவ்வளவு நேரம் ஆகும்? இன்று இரவே கூடையின் முன்னால் நின்று யோசியுங்கள்!